'ஒரு மாதிரியாட்டு இருக்கு': மன உறுத்தலைச் சொல்லும் ஆங்கிலப் பேச்சுச் சொற்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் பல ஆண்டுகளாக ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்தி வருகிறேன். வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குச் செல்லவிருக்கும் செவிலியர்கள், வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் புறப்படுகிறவர்கள், கன்னியாகுமரியில் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டுகிறவர்கள், கல்லூரி மாணவிகள் எனப் பலரும் வருகிறார்கள். இவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே வகைச் சொற்களைப் பற்றித்தான். காரணம் சரியாக விளங்காமல் மனம் உறுத்துகிறது, உடம்பு கூசுகிறது, அந்த இடத்தில் நிற்கவே பிடிக்கவில்லை. இதை ஆங்கிலம் பேசுகிறவர்கள் தங்களுக்குள் எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பதே கேள்வி. பாடநூல்களில் இச்சொற்கள் அதிகம் வருவதில்லை. ஆனால் வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே காதில் விழுகின்றன. வகுப்பில் கேட்கப்பட்டவற்றையும் நான் சொன்ன விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

'ஒரு மாதிரியாட்டு இருக்கு' என்பதற்கு நேரான ஆங்கிலச் சொல் எது?

நேரான ஒரு சொல் இல்லை. நம் மாவட்டத்தில் 'ஒரு மாதிரியாட்டு இருக்கு' என்று சொன்னால் அது காய்ச்சலுக்கு முந்திய உடல் அசதியாக இருக்கலாம், இருட்டில் தனியாக நடக்கும்போது வரும் கிலியாக இருக்கலாம், எதிரில் இருப்பவரின் பார்வை பிடிக்காமல் போனதாகவும் இருக்கலாம். கேட்கிறவர் நம் முகத்தையும் குரலையும் பார்த்துப் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் பேசுகிறவர் அந்தப் பொறுப்பைக் கேட்பவரிடம் விட்டுவிட முடியாது. உறுத்தல் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லின் வழியாகவே காட்ட வேண்டும். மனிதரிடமிருந்து வந்தால் 'க்ரீப்பி'. இடத்திலிருந்து வந்தால் 'ஈரி' அல்லது 'ஸ்பூக்கி'. நடக்கப்போவதை எண்ணி உள்ளுக்குள் படபடத்தால் 'ஜிட்டரி'. ஒரு ஏற்பாட்டில் நேர்மை இல்லை என்று தோன்றினால் 'ஸ்கெட்சி', 'டாட்ஜி'. அருவருப்பாக இருந்தால் 'இக்கி'. ஒன்றும் தோன்றாதபோது 'அன்ஈஸி' என்று சொல்லலாம். அது எல்லா இடத்திலும் பொருந்தும், யாரையும் புண்படுத்தாது. ஆனால் அதையே பிடித்துக்கொண்டிருந்தால், 'மனசு சரியில்லை' என்பதோடு பேச்சை நிறுத்திக்கொள்கிறவரைப் போல ஆகிவிடுவோம்.

'பயம்' என்பதை மனத்தில் வைத்து இவை எல்லாவற்றுக்கும் 'ஃபியர்' என்றோ 'ஸ்கேர்ட்' என்றோ சொல்வதுதான் வகுப்பில் நான் காணும் முதல் தவறு. கேரள எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் அச்சத்தைக் குறிக்கும் 'பேடி' என்ற மலையாளச் சொல்லை எண்ணிக்கொண்டும் இதையே செய்கிறார்கள். அச்சம் வேறு, உறுத்தல் வேறு.

க்ரீப்பி என்றால் பயங்கரம் என்றுதானே பொருள்?

இல்லை. இந்த வேறுபாடு விளங்கிவிட்டால் மற்றவை பெரும்பாலும் தாமாகவே விளங்கும்.

தோட்டத்துப் பாதையில் காலடியில் பாம்பு கிடந்தால் அது பயங்கரம். ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது, ஓடலாம், கத்தலாம். இன்னொன்றை எண்ணிப் பாருங்கள். மாலை ஆறரை மணிக்கு ஒரு மாணவி பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறாள். முன்பின் அறியாத ஒருவர் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி, அதன்மேல் சாய்ந்து நிற்கிறார். மூன்று பேருந்துகள் போய்விட்டன. அவர் எதிலும் ஏறவில்லை, வண்டியையும் எடுக்கவில்லை. பிறகு சிரித்தபடி, "அப்பாவுக்கு இப்போ உடம்பு தேவலையா?" என்று கேட்கிறார். மரியாதையான கேள்விதான். தொடவில்லை, மிரட்டவில்லை, தவறான வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பது இவருக்கு எப்படித் தெரியும்? அந்தக் கணத்தில் முதுகுத்தண்டில் ஏதோ ஊர்கிறதே, அதற்குத்தான் க்ரீப்பி என்று பெயர். ஆபத்து இருக்கிறதா இல்லையா என்பது தெரியவில்லை. ஓடினால் மரியாதைக் குறைவு, நின்றால் மனம் ஒப்பவில்லை.

அமெரிக்காவின் நாக்ஸ் கல்லூரியைச் சேர்ந்த உளவியலாளர் ஃபிரான்சிஸ் மெக்கேண்ட்ரூ, சாரா கோன்கி என்பவருடன் சேர்ந்து 1,341 பேரிடம் கேட்டு நடத்திய ஆய்வு 2016-இல் வெளியானது. அவர்கள் எட்டிய முடிவும் இதுதான்: அச்சுறுத்தல் உண்டா இல்லையா என்பது தெளிவில்லாதபோது எழும் உணர்வே க்ரீப்பி என்று சொல்லப்படுகிறது. தொழில்களில் எது அதிகம் அப்படித் தோன்றுகிறது என்ற கேள்விக்கு, கோமாளி வேடக்காரர் முதலிடத்தில் வந்தார். முகத்தில் தீட்டிய சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாததே காரணமாக இருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

'ஐ ஆம் க்ரீப்பி' என்று சொன்னேன், கேட்டவர் சிரித்துவிட்டார். என்ன தவறு?

'என்னைக் கண்டால் பிறருக்கு உடம்பு கூசும்' என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். சலிப்பாக இருக்கிறது என்பதற்கு 'ஐ ஆம் போரிங்' என்று சொல்வதைப் போன்ற பிழை இது. உறுத்தலை உண்டாக்குவது 'க்ரீப்பி'. உறுத்தலுக்கு ஆளானவர் 'க்ரீப்ட் அவுட்'. ஆகவே, 'ஐ ஃபெல்ட் க்ரீப்ட் அவுட்' அல்லது 'இட் கேவ் மீ த க்ரீப்ஸ்' என்று சொல்ல வேண்டும்.

இங்கே எழுத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'க்ரீப்' என்ற வினைக்கு ஊர்தல், தவழ்தல் என்பது பொருள். அதன் இறந்தகாலம் 'க்ரெப்ட்'. பூனை மதிலோரமாக ஊர்ந்து போனது என்றால் க்ரெப்ட்தான். ஆனால் உறுத்தலைக் குறிக்கும் 'க்ரீப் அவுட்' என்ற தொடருக்கு இறந்தகாலம் 'க்ரீப்ட்' என்று நெடிலாகவே ஒலிக்கும். எழுதும்போதும் வழக்கமான 'ஈ, டி' விகுதியே சேரும். பேச்சில் புதிதாகப் பிறந்த தொடர்கள் பழைய ஒழுங்கற்ற வடிவத்தை விட்டு விலகிப் போவது ஆங்கிலத்தில் உண்டு.

'த க்ரீப்ஸ்' என்பதில் 'த' என்பதையும் பன்மை விகுதியையும் விடக்கூடாது. முதுகில் குளிர் ஊர்வதை இச்சொல்லால் குறிப்பதை, 1849-இல் தொடராக வெளிவரத் தொடங்கிய சார்ல்ஸ் டிக்கின்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலிலேயே காணலாம். அதில் எதற்கும் புலம்பும் ஒரு கைம்பெண், குளிரால் தன் முதுகில் வருவதை 'த க்ரீப்ஸ்' என்கிறார். 'உடம்பில் ஏதோ ஊர்ற மாதிரி இருக்கு' என்று நம் பாட்டிமார் சொல்வதும் அதே உடலனுபவம்தான். ஆகவே இந்தச் சொல்லை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 'ஊர்தல்' என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

ஒருவரை 'க்ரீப்' என்று சொல்லலாமா? புகார்க் கடிதத்தில் எழுதலாமா?

தோழியரிடம் எச்சரிக்கையாகச் சொல்லலாம். அதற்காகவே அந்தச் சொல் இருக்கிறது. புகார்க் கடிதத்தில் எழுதக்கூடாது. இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பெண், தான் வேலை பார்த்த இடத்தில் மேற்பார்வையாளர் ஒருவர்மேல் ஆங்கிலத்தில் புகார் எழுதிக் கொடுத்தாள். அந்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். முழுக் கடிதத்திலும் 'ஹி இஸ் வெரி க்ரீப்பி' என்பதே மூன்று இடங்களில் இருந்தது. 'இது உங்கள் மனப்போக்கு, இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் சொன்னது பொய்யில்லை, சொல்லும் பொருத்தமானதே. ஆனால் க்ரீப்பி என்பது நம் உணர்வைச் சொல்கிறதே தவிர, அவர் செய்ததைச் சொல்வதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடன் உட்கார்ந்து திரும்ப எழுதினோம். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த அறை, கதவு சாத்தியிருந்ததா, நாற்காலியை எவ்வளவு பக்கத்தில் இழுத்துப் போட்டார், என்ன கேட்டார், வேண்டாம் என்றபோது என்ன சொன்னார், அடுத்து எப்போது. இரண்டு பக்கம் வந்தது. அதில் க்ரீப்பி என்ற சொல் ஒருமுறைகூட இல்லை, ஆனால் படிக்கிற எவருக்கும் உடம்பு கூசும். இந்த முறை கடிதத்தை வாங்கிக்கொண்டு விசாரித்தார்கள்.

பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும்; நிகழ்ந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் தரவேண்டும். பெண்கள் உதவிக்கு 181 என்ற எண் இருக்கிறது. கடிதத்தில் உணர்வைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் 'அன்சேஃப்', 'அன்கம்ஃபர்டபிள்' என்ற சொற்கள் ஏற்றவை.

அதே நேரத்தில், பேச்சுக் குறைவானவர், தோற்றத்தில் வேறுபட்டவர், மாற்றுத்திறனாளி ஆகியோரை இந்தச் சொல்லால் சுட்டுவது பெருந்தவறு. பழக்கமில்லாததைக் கண்டு மனம் சுருங்குவதற்கு அவர்கள் பொறுப்பாக மாட்டார்கள்.

ஹீபி-ஜீபீஸ், வில்லீஸ் ஆகியவை உண்மையான சொற்களா, குழந்தைப் பேச்சா?

உண்மையான சொற்களே. இரண்டும் உடம்பு வெடவெடக்கும் உறுத்தலைக் குறிப்பவை. 'ஹீபி-ஜீபீஸ்' என்பது 1923-இல் அமெரிக்கப் படக்கதைக் கலைஞர் பில்லி டிபெக்கின் கைவண்ணத்தில் பிறந்து, நாளிதழ் வழியாகப் பரவியது. 1926-இல் லூயி ஆம்ஸ்ட்ராங் அதே பெயரில் ஒரு பாட்டைப் பதிவு செய்தபோது உலகெங்கும் சென்றது. நம் மொழியில் 'வெடவெட', 'கிடுகிடு', 'திக்திக்' என்று இரட்டித்துச் சொல்லும்போது ஒலியே பொருளைச் சுமக்கிறதல்லவா, அதே முறையில் அமைந்த சொல் இது. 'த வில்லீஸ்' பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் வழங்கத் தொடங்கியது. க்ரீப்ஸோடு சேர்த்து இம்மூன்றும் 'கிவ்ஸ் மீ' என்பதோடு சேர்ந்தே வரும். க்ரீப்ஸ் மனிதர்களுக்கு அதிகம் பொருந்தும். மற்ற இரண்டும் சிலந்தி, நிலவறை, ஊசி போன்றவற்றுக்கும் இயல்பாக வரும். இளைஞர்கள் இன்று ஹீபி-ஜீபீஸை அதிகம் சொல்வதில்லை. நீங்கள் சொல்லவேண்டியதும் இல்லை. கேட்டால் புரிந்துகொண்டால் போதும்.

கள்ளியங்காட்டு நீலியின் கதையை வெளிநாட்டவருக்குச் சொல்லும்போது எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது?

வழிகாட்டி வேலை பார்க்கும் மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது; எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுவே.

நாகர்கோவிலை ஒட்டிய கள்ளியங்காட்டின் பெயரோடு சேர்ந்த அந்தக் கதையை வில்லுப்பாட்டில் கேட்டவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. வணிகன் ஒருவன் காட்டு வழியில் நடக்கிறான். நீலி ஒரு கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் மனைவி என்று சொல்லிக்கொண்டே பின்னால் வருகிறாள். ஊர்க்காரர்கள் பார்க்கிறார்கள்: அழுகிற பெண், கையில் குழந்தை, விட்டுவிட்டு ஓடப்பார்க்கும் கணவன். எல்லாரும் அவளை நம்புகிறார்கள். அது குழந்தையில்லை என்பது அவன் ஒருவனுக்கு மட்டும் தெரியும்.

இரவுக் காடு, காற்றில் உராயும் மரங்கள், ஆளில்லாத வழி ஆகியவற்றுக்கு 'ஈரி' சரியான சொல். ஸ்காட்லாந்துப் பக்கத்திலிருந்து வந்த இச்சொல் முன்பு அஞ்சுகிற மனிதரைக் குறித்தது. பிறகு அச்சத்தைத் தருகிற இடத்தைக் குறிப்பதாக மாறிவிட்டது. ஆகவே இன்று 'ஐ ஆம் ஈரி' என்று சொல்ல முடியாது. 'ஸ்பூக்கி' என்பது டச்சு மொழியிலிருந்து அமெரிக்க ஆங்கிலத்துக்கு வந்த 'ஸ்பூக்' என்ற பேய்ச்சொல்லின் வழிவந்தது. அதில் சற்று விளையாட்டுத்தனம் உண்டு. குழந்தைகளுக்குச் சொல்லும் பேய்க்கதைக்குப் பொருந்தும், நீலியின் கனத்துக்குப் போதாது. மேலும், 'ஸ்பூக்' என்ற பெயர்ச்சொல் அமெரிக்காவில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தவும் வழங்கிவந்திருக்கிறது. எனவே அதை மனிதர்களைக் குறிக்க ஒருபோதும் சொல்லாதீர்கள்.

அந்தக் கள்ளிக் குழந்தைக்கு உரிய சொல் 'அன்கேனி'. நன்றாகத் தெரிந்த ஒன்று போல இருக்கிறது, ஆனால் அதுவல்ல. சிக்மண்ட் ஃபிராய்ட் 1919-இல் இந்த உணர்வைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். ஜப்பானியப் பொறியாளர் மசாஹிரோ மோரி 1970-இல் இயந்திர மனிதர்களைப் பற்றி எழுதும்போது, மனித உருவத்தை ஏறக்குறைய எட்டிவிட்டு முழுமையாக எட்டாத பொம்மையைக் கண்டால் மனம் சட்டென்று விலகிவிடுகிறது என்று காட்டினார். கன்னியாகுமரியில் மெழுகுச் சிலைகள் வைத்திருக்கும் கூடத்துக்குக் குழந்தையைக் கூட்டிச் சென்று, சிலையின் பக்கத்தில் நிற்கச் சொன்னால் அது அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்வாங்குமே, அது அன்கேனிதான். பேச்சில் சொல்வதானால் 'இட் வியர்ட்ஸ் மீ அவுட்' எனலாம்.

ஒன்றை மறக்கவேண்டாம். நீலியோடு சேர்த்துச் சொல்லப்படும் முப்பந்தல் இசக்கியம்மனை வணங்கிவிட்டுத்தான் வண்டிகள் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்கின்றன. அந்தச் சன்னிதியில் நிற்கும்போது வரும் நடுக்கத்தைக் க்ரீப்பி என்றோ ஸ்பூக்கி என்றோ பயணிகளிடம் சொல்லாதீர்கள். வழிபாட்டோடு கலந்த அச்சத்துக்கு ஆங்கிலத்தில் 'ஆ' என்ற தனிச்சொல் உண்டு. வாயைக் கொஞ்சம் குவித்து நீட்டி ஒலிக்க வேண்டும். அதையே சொல்லுங்கள்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடக்கும்போது வரும் உணர்வு எது?

1966-இல் பறளியாற்றின் குறுக்கே எழுந்த அந்தப் பாலம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமும் 115 அடி உயரமும் உடையது. கீழே பார்த்தால் தென்னை மரங்களின் தலை தெரியும். அங்கே கால் கூசுவது ஆபத்து தெரிந்தே வருவது என்பதால் க்ரீப்பி ஆகாது. 'ஜிட்டரி', 'ஜம்ப்பி', 'நெர்வஸ்' பொருந்தும். வள்ளுவர் சிலையையும் விவேகானந்தர் பாறையையும் இணைத்து 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்திலும் இதுவே. அதில் ஏறுவதற்கு முன்பு வரிசையில் நிற்கும்போது வயிற்றுக்குள் ஏதோ படபடக்கும் அல்லவா, அது 'பட்டர்ஃப்ளைஸ் இன் மை ஸ்டமக்'. அதில் ஆவலும் கலந்திருக்கும். மேடையேறும் முன்பும், பெண் பார்க்க வரும் நாளிலும் அப்படித்தான். 'வயிற்றில் புளியைக் கரைத்தது' என்று நாம் சொல்வதில் ஆவல் இல்லை, கலக்கம் மட்டுமே உண்டு. அதற்கும் இதற்கும் நேர் போட்டுவிடாதீர்கள்.

வெளிநாட்டில் செவிலியராகப் போகிறேன். நோயாளிகள் என்னென்ன சொல்வார்கள்?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கினேன் என்று சொல்லலாம். நோயாளி பாடநூல் ஆங்கிலத்தில் பேசமாட்டார். தன் ஊர்ப் பேச்சில் பேசுவார்.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் சொன்னது: முதல் மாதம், இரவுப்பணி. எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர், 'ஐ ஃபீல் எ பிட் ஃபன்னி, லவ்' என்றார். ஃபன்னி என்றால் வேடிக்கை என்றே அவள் படித்திருந்தாள். ஏதோ சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்க்கிறார் என்று எண்ணிப் புன்னகைத்தாள். பிறகுதான் விளக்கொளியில் அவர் மேலுதட்டில் பொடிப்பொடியாக வியர்த்திருப்பதைக் கண்டாள். சர்க்கரை அளவைப் பார்த்தபோது அது மிகவும் இறங்கியிருந்தது. உரிய நேரத்தில் பார்த்துவிட்டதால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் புன்னகை இன்னும் உறுத்துகிறது என்று அவள் சொன்னாள்.

ஆகவே, 'ஃபன்னி' என்று பிரிட்டிஷ் நோயாளி சொன்னால் அது நம் 'ஒரு மாதிரியாட்டு இருக்கு' என்பதே. 'ஐ கேம் ஓவர் ஆல் ஃபன்னி' என்றால் திடீரென்று தலைசுற்றிவிட்டது என்று பொருள். உடனே என்ன செய்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

'ஜிட்டரி' என்பது மனப் படபடப்பாகவும் இருக்கலாம், சர்க்கரை குறைந்ததால் வரும் கை நடுக்கமாகவும் இருக்கலாம். பிறந்த குழந்தையைப் பற்றி 'ஜிட்டரி' என்று குறிப்பு எழுதினால் அது முழுக்க உடல் சார்ந்த குறியாகும். 'ஆன்ட்ஸி' என்பது எறும்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. உட்கார முடியாமல் நிலைகொள்ளாமல் தவிப்பது. மனநோய்க்கும் வாந்திக்கும் தரும் சில மருந்துகளால் இந்தத் தவிப்பு வருவதுண்டு என்பதால், நோயாளியின் பொறுமையின்மை என்று ஒதுக்கிவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 'காலிவாபிள்ஸ்' என்று முதியவர்கள் சொன்னால் பயத்தாலோ செரியாமையாலோ வயிறு கலங்குகிறது என்று பொருள். 'குவீஸி' என்றால் குமட்டல்.

'மை ஸ்கின் இஸ் க்ராலிங்' என்பது கவனமாகக் கேட்கவேண்டிய தொடர். வீட்டில் பேசும்போது அது வெறும் உவமை. மருத்துவமனையில் அதுவே உண்மையாகத் தோலுக்கடியில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வாக இருக்கலாம். நீண்டநாள் குடித்துவந்தவர் குடியை நிறுத்திய நாள்களில் இப்படி வரும். 'உண்மையிலேயே ஊர்கிறதா, அப்படித் தோன்றுகிறதா?' என்று ஒரு கேள்வி கேட்டால் தெளிவாகிவிடும்.

இன்னும் ஒன்று. 'சம்திங் பேட் இஸ் கோயிங் டு ஹேப்பன்' என்று காரணம் எதுவும் இல்லாமல் நோயாளி சொன்னால், அதை வெறும் மன உளைச்சல் என்று எண்ணி ஆறுதல் சொல்லிவிட்டு நகராதீர்கள். மாரடைப்பு, கடும் ஒவ்வாமை, பொருந்தாத இரத்தம் ஏற்றப்படுதல் ஆகியவற்றில் மற்றக் குறிகளோடும், சில வேளைகளில் அவற்றுக்கு முன்னதாகவும், நோயாளிக்கு இந்த உணர்வு எழுவது மருத்துவ நூல்களில் பதிவானது.

கூஸ்பம்ப்ஸ் நல்லதற்கா, கெட்டதற்கா?

இரண்டுக்கும் உண்டு. ஒவ்வொரு மயிர்க்காலின் அடியிலும் மிக நுண்ணிய தசை ஒன்று இருக்கிறது. குளிரிலும், அச்சத்திலும், மனம் நெகிழும்போதும் நம் முயற்சி இல்லாமலே இயங்கும் நரம்புகள் அதைச் சுருக்க, மயிர் நிமிர்ந்து, தோல் இறகு பிடுங்கிய வாத்தின் தோலைப் போலப் பொடிப்பொடியாகிறது. பெயரும் அதிலிருந்தே வந்தது. தமிழில் 'புல்லரித்தது', 'மெய்சிலிர்த்தது' என்பவை பெரும்பாலும் மகிழ்ச்சிக்கே வரும். 'மயிர்க்கூச்செறிந்தது' இரண்டுக்கும் வரும். 'ஸ்கின் க்ரால்' கெட்டதற்கு மட்டுமே. பாட்டுக் கச்சேரியைப் பாராட்டும்போது அதைச் சொல்லிவிடாதீர்கள்.

சஸ், ஸ்கெட்சி, டாட்ஜி ஆகியவற்றில் எது எங்கே?

'டாட்ஜி' பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் வழங்குவது, 'ஸ்கெட்சி' அமெரிக்காவில். இரண்டும் நம்பத்தகாதது என்ற பொருளைத் தருவன. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி, அலுவலக முகவரி தராமல், பணத்தை மட்டும் உடனே அனுப்பச் சொல்லும் முகவரைப் பற்றி இப்படிச் சொல்லலாம். நம் மாவட்டத்தில் இப்படி ஏமாந்த குடும்பங்களை நான் அறிவேன். முகவர் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

'சஸ்' பிரிட்டிஷ் காவல்துறைப் பேச்சிலிருந்து வந்த சுருக்கம். ஐயத்தின் பேரிலேயே ஒருவரைக் கைதுசெய்ய இடம் தந்த, 1824-ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டப் பிரிவுக்குச் 'சஸ் சட்டம்' என்று பெயர் விழுந்தது. கறுப்பின இளைஞர்கள்மேல் அது அதிகமாகப் பாய்ந்ததால் கடும் எதிர்ப்பு எழுந்து, 1981-இல் நீக்கப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் அதைச் சொல்வது, 2020-இல் பரவிய 'அமங் அஸ்' என்ற கைப்பேசி விளையாட்டின் வழியாக.

'இக்', 'ஸ்கீவி' என்கிறார்களே?

இரண்டும் அருவருப்பைச் சேர்ந்தவை. 'ஸ்கீவி' அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியரின் பேச்சில் அருவருப்பைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. 'த இக்' என்பது, விரும்பிய ஒருவர்மேல் சிறு செயல் ஒன்றால் திடீரென்று மனம் விட்டுப்போவது. அலுவலகத்தில் இவற்றுக்கு வேலை இல்லை.

தமிழில் இத்தனை நுணுக்கம் இல்லையா?

இப்படிக் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே' என்று அச்சத்தை அது பிறக்கும் இடத்தை வைத்தே, பேய் போன்ற அணங்கு, விலங்கு, திருடர், அரசர் என நான்காகப் பிரித்திருக்கிறது. அருவருப்பை 'இளிவரல்' என்றும், புதுமை கண்டு மனம் மருள்வதை 'மருட்கை' என்றும் தனித்தனியே வைத்திருக்கிறது. முதல் கேள்விக்கு விடையாக 'உறுத்தல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்' என்று சொன்னேன் அல்லவா, அந்த வழியை நான் கற்றது இந்த நூற்பாவிலிருந்துதான். விலங்கால் வருவது ஸ்கேரி, அணங்கால் வருவது ஈரி என்று வகுப்பில் பலகையில் எழுதிப் போட்டால் மாணவர்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். கிலி, திகில், பகீர், உதறல், குலைநடுக்கம் என்று பேச்சுச் சொற்களும் நம்மிடம் குறைவில்லை.

ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் என் மகள் 'அந்த அங்கிள் க்ரீப்பி' என்கிறாள். சொல் விளையாட்டா, கவனிக்க வேண்டுமா?

கவனிக்க வேண்டும். 'பெரியவர்களை அப்படிச் சொல்லக்கூடாது' என்று முதலில் கண்டிக்காதீர்கள். அடுத்த முறை சொல்லாமலே இருந்துவிடுவாள். எட்டு வயதுக் குழந்தையிடம் அதற்கு வேறு சொல் இருக்காது. தோழியரிடமிருந்தோ கைப்பேசியிலிருந்தோ எடுத்த இந்த ஒரு சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிச் சொல்லியிருக்கலாம். சமையல் வேலையோ கைப்பேசியோ இருந்தால் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். 'ஏன்?' என்று கேட்டால் குழந்தைக்குப் பதில் தெரியாது. 'அங்கிள் என்ன செய்தார், என்ன சொன்னார், அப்போ நீ எங்கே நின்றாய், வேறு யார் இருந்தார்கள்?' என்று ஒவ்வொன்றாக, அவசரப்படுத்தாமல், நம் பேச்சுத் தமிழிலேயே கேளுங்கள். விளையாட்டாகச் சொன்னதாக இருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்படி இல்லை என்று தோன்றினால் அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே அன்றைக்கே எழுதி வைத்துக்கொண்டு, குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணை அழையுங்கள்.